எல்லையோர வீட்டில் ஓர் ஆன்டிபயாடிக் நோட்டு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசி வாழும் குடும்பங்களுக்கு மருத்துவமனை ஒரே மாநிலத்தில் இருப்பதில்லை. காய்ச்சல் என்றால் பக்கத்துக் குடும்ப சுகாதார மையம், குழந்தைக்குப் பாலக்காட்டுச் சித்தூர், வயிற்றுவலி நீடித்தால் பொள்ளாச்சி, அறுவை சிகிச்சைக்குக் கோயம்புத்தூர், இரவு எட்டு மணிக்கு மேல் வரும் பல்வலிக்கு எந்தப் பக்கத்து மெடிக்கல் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் என்பதே இங்குள்ள வழக்கம். இதில் தவறில்லை, அருகில் இருப்பதைத்தானே மனிதர்கள் நாடுவார்கள். ஆனால் மருந்துச் சீட்டு அந்தந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. உடம்பிலுள்ள பாக்டீரியா மட்டும் இதுவரை சந்தித்த மருந்துகளையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு நம்மோடு எல்லையைக் கடந்து வருகிறது. பாக்டீரியாவை அழிக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிய அந்த நினைவை நாமும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று சொன்னபோது ஒரு மெடிக்கலில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். எரிச்சல் அடங்கி, இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு மருத்துவர் ஐந்து நாளைக்கு வேறு மாத்திரை எழுதினார். அதற்கும் முழுமையாக அடங்காமல், ஒரு நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, மூன்றாவதாக ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன் எந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டார் என்பது. ஒரு வெள்ளை மாத்திரை, பிறகு ஒரு மஞ்சள் மாத்திரை என்பதைத் தவிர எங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. பெயர் இருந்த பகுதி வெட்டப்பட்ட அட்டைத் துண்டுகள்தாம் வீட்டில் இருந்தன. இரண்டாவதாகச் சாப்பிட்டது செஃபிக்சிம் என்று தெரிந்திருந்தால் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஊசியை அவர் முதலில் தொடங்கியிருக்க மாட்டார். காய்ச்சல் இறங்காமல் இரண்டு நாள் போன பிறகு, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் பரிசோதனை அறிக்கை வந்து, மருந்து மாற்றப்பட்டது. அந்த இரண்டு நாளும் எங்கள் கையில் ஒரு காகிதம் இல்லாததால் போனவை. அம்மா வீடு திரும்பிய மறுநாள் நான் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

நோட்டில் எழுத வேண்டியவை

நோட்டின் முதல் பக்கத்தை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சில வரிகள் என ஒதுக்க வேண்டும். பெயர், பிறந்த ஆண்டு, நீடித்த நோய்கள், தினமும் சாப்பிடும் மருந்துகள், குழந்தையாக இருந்தால் கடைசியாக எடுத்த எடை, பெரியவர்களுக்குக் கடைசி இரத்தப் பரிசோதனையில் வந்த, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஆகியவை அங்கே இருக்க வேண்டும். குழந்தையின் மருந்தளவு எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்குச் சில ஆன்டிபயாடிக்குகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். சிலவற்றைக் கொடுக்கவே கூடாது.

அதே பக்கத்தில் சிவப்பு மையால் ஒவ்வாமையை எழுதுங்கள். 'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று வெறுமனே எழுதினால் போதாது. எந்த மருந்து, சாப்பிட்ட எத்தனை மணி நேரத்தில், உடம்பில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். தடித்துச் சிவந்த அரிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை ஒவ்வாமையின் அடையாளங்கள். குமட்டலும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் பக்க விளைவுகள் மட்டுமே. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களாகக் குறிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் முறையாகப் பரிசோதிக்கும்போது அதைத் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்ட செய்தி. தெளிவில்லாமல் எழுதப்பட்ட ஒரே வரி ஒருவரை வாழ்நாள் முழுவதும் எளிய, பாதுகாப்பான மருந்திலிருந்து விலக்கி, வீரியம் கூடிய மருந்துகளின் பக்கம் தள்ளிவிடும்.

அடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் ஒரு பதிவு. தேதி, யாருக்கு, என்ன தொந்தரவு, எழுதிக் கொடுத்தவர் எந்தப் பக்கத்து மருத்துவர், மருந்தின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்பவற்றை எழுத வேண்டும். பெயர் என்று நான் சொல்வது அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை அல்ல. அதன் கீழேயோ மேலேயோ சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை. அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த ஒரே மாத்திரை பல நிறுவனங்களால் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. பொள்ளாச்சியில் ஒரு பெயரிலும் கொழிஞ்சாம்பாறையில் வேறொரு பெயரிலும் அதையே வாங்கிவிட்டு, மருந்து மாறிவிட்டது என்று நம்பியவர்கள் இங்கே உண்டு.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. செஃபிக்சிம், செஃபுராக்சிம் ஆகிய இரண்டும் வெவ்வேறு மருந்துகள்; அவசரத்தில் எழுதும் கைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சொல். ஆகையால் எழுதுவதோடு நிறுத்தாமல், பெயர் அச்சான அட்டைப் பகுதியை வெட்டி அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மெடிக்கலில் அட்டையை வெட்டித் தரும்போது பெயருள்ள பகுதி கடைக்காரரிடமே தங்கிவிட்டால், வெட்டும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். இல்லையெனில் பில் கேட்டு வாங்குங்கள், அதில் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். கேரளப் பக்கத்துச் சீட்டில் மலையாளத்தில் 'பனி' என்று எழுதியிருந்தால் அது காய்ச்சல். பனிக்காற்றால் வந்த சளி என்று பொருள் கொண்டு பொள்ளாச்சியில் விளக்கிய ஒரு பாட்டியம்மாவை நான் அறிவேன். புரியாத சொல்லை அங்கேயே வாய்விட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்வது நல்லது.

பாக்டீரியா எதை நினைவில் வைக்கிறது

நோட்டு எதற்கு என்பது விளங்கினால்தான் அதைத் தொடர்ந்து எழுதும் பொறுமை வரும். குடலில் வாழும் ஈ கோலி போன்ற பாக்டீரியா, ஏற்ற சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. கோடிக்கணக்கில் பெருகும்போது சிலவற்றின் மரபணுவில் தற்செயலாக மாற்றம் நேர்கிறது. அப்போது ஆன்டிபயாடிக் உள்ளே வந்தால், அதற்கு அடங்குபவை அழிந்து, தாங்கக்கூடியவை மிஞ்சி, காலியான இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. தாங்கும் வழிகள் பல: மருந்தை உடைக்கும் நொதியைச் சுரப்பது, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது, மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தையே மாற்றுவது, மருந்து நுழையும் துளைகளைக் குறைப்பது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையம் வழியாக ஒரு பாக்டீரியா இந்தத் திறமையை மற்றொன்றுக்குக் கொடுக்கவும் முடியும்; வாங்கிக்கொள்வது வேறு இனமாகவும் இருக்கலாம்.

மருந்தைத் தாங்கும் இந்தத் திறனைத்தான் மருந்தெதிர்ப்பு என்கிறோம். அதைப் பெறுவது மனிதர் அல்லர், பாக்டீரியாதான். 'அவருக்கு மாத்திரை பழகிவிட்டது' என்று சொல்வது ஒரு பெரிய உண்மையை மறைத்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் தொண்டைக்கென்றே கொடுக்கப்பட்டாலும் குடலில், தோலில், வாயில் தீங்கின்றி வாழும் பாக்டீரியாவையும் அது தொடுகிறது. அங்கே எஞ்சும் எதிர்ப்பு பல மாதங்கள், சிலரிடம் ஓராண்டு வரையிலும் தங்குகிறது. அடுத்த நோய்த்தொற்று வரும்போது, கடந்த மாதங்களில் என்ன சாப்பிட்டார் என்பதை மருத்துவர் கேட்பது இதனால்தான். பென்சிலினை 1928-இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, குறைந்த அளவில் சாப்பிடுபவர்கள் தம் உடம்பிலுள்ள கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். 2019-இல் மட்டும் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவை நேரடிக் காரணமாகக் கொண்டு இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அதனோடு தொடர்புள்ள இறப்புகள் 49.5 லட்சம்.

மருத்துவரிடமும் மெடிக்கலிலும்

சளி, ஃப்ளூ காய்ச்சல், டெங்கு, பெரும்பாலான தொண்டை வலி, பெரும்பாலான இருமல் ஆகியவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியது மட்டுமே பாக்டீரியாவுக்கு அடையாளம் ஆகாது. சளிக்குப் பின் வரும் இருமல் இரண்டு மூன்று வாரம் நீடிப்பது இயல்பு என்று அறிந்திருந்தால் பத்தாம் நாளில் பதற்றம் வராது. குழந்தையின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்துமே முதன்மை. மலத்தில் இரத்தம் வந்தால் நிலைமை வேறு, உடனே காட்ட வேண்டும்.

ஆனாலும் ஆன்டிபயாடிக் என்றாலே அஞ்சி ஒதுங்குவதும் உயிரை வாங்கும். வயலில் சேற்றில் நின்று நாற்று நடுபவர், வாய்க்கால் தூர்வாருபவர், தொழுவம் கழுவுபவர் ஆகியோருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மலையடிவாரப் புதர்க்காட்டில் விறகு பொறுக்கியவருக்குக் காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சுட்ட தழும்பு போன்ற கருத்த பொருக்கு இருந்தால் ஸ்க்ரப் டைபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சல் என்று மருத்துவர் சந்தேகிப்பார். இரண்டிலும் டாக்சிசைக்ளின் போன்ற எளிய ஆன்டிபயாடிக்கைத் தாமதமின்றிக் கொடுப்பது சிறுநீரகத்தையும் நுரையீரலையும் காக்கிறது. எலிக்காய்ச்சல் ஆபத்து மிகுந்த வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளினைத் தடுப்பு மருந்தாகக் கேரளச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கிறது. அது ஆஷா பணியாளர் வழியாக வந்தால் மறுக்க வேண்டாம், நோட்டில் தேதி எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள். மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவை இருந்தால் நோட்டைத் தேடிக்கொண்டு நிற்காமல் முதலில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவர் முன் உட்காரும்போது நோட்டைக் கையில் கொடுத்து, கடைசிப் பதிவைச் சுட்டிக்காட்டுங்கள். செய்யும் வேலையைச் சொல்லுங்கள். பிறகு, இது பாக்டீரியாவால் வந்ததுதானா, மருந்து தொடங்கும் முன் ஏதேனும் பரிசோதனை கொடுக்க வேண்டுமா, எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்ற மூன்றையும் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் கோபப்படும் மருத்துவரை நான் இதுவரை பார்த்ததில்லை. 'எதுவும் எழுதாவிட்டால் நோயாளி வேறு இடம் போய்விடுகிறார்' என்று வருந்திய மருத்துவரைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் நோட்டில் ஒரு பதிவாக எழுதுங்கள்.

மெடிக்கலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேரளப் பக்கத்தில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தருவதில்லை என்றால் எல்லை தாண்டிப் போய் வாங்கலாம் என்ற எண்ணம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. மருந்து விற்பனைச் சட்டம் மத்திய அரசுடையது; இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. அட்டவணை எச்1 என்ற பட்டியலில் உள்ள மருந்துகளை, அவற்றில் பல வீரியமான ஆன்டிபயாடிக்குகளும் அடக்கம், மருத்துவர் சீட்டின் மேல் மட்டுமே விற்க வேண்டும் என்பதும், எழுதியவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் 2014 மார்ச் முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளன. கேரளம் 2018-இல் மருந்தெதிர்ப்புக்கென்றே ஒரு மாநிலச் செயல்திட்டத்தை வகுத்தது; 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் சீட்டில்லா விற்பனையைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியது. ஆன்டிபயாடிக்கை நீல நிற உறையில் இட்டுக் கொடுக்கும் வழக்கமும் அங்கே வந்திருக்கிறது. அந்த நீல உறையைத் தூக்கி எறியாமல் நோட்டுக்குள் வைத்தால் பதிவு எழுத நினைவூட்டும். அட்டையின் மேல் நெடுக ஓடும் சிவப்புக் கோடும் இதே எச்சரிக்கைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தது: முதலில் பயன்படுத்த வேண்டியவை, எதிர்ப்பு எளிதில் உருவாவதால் கவனத்தோடு கையாள வேண்டியவை, கடைசிக்காகக் காத்து வைக்க வேண்டியவை. அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் முதல் தொகுதி. சளிக்கு 'மூன்று நாள் மாத்திரை' என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கப்படும் அசித்ரோமைசினும், சிப்ரோஃப்ளாக்சசினும், செஃபிக்சிமும் இரண்டாவது தொகுதி. கொலிஸ்டினும் லினசோலிடும் மூன்றாவது. நோட்டில் மருந்தின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று குறித்து வந்தால், ஓராண்டின் முடிவில் நம் வீடு எதை அதிகம் செலவழித்திருக்கிறது என்பது தெரியும். என் நோட்டின் முதல் பக்கங்களில் 2 என்ற எண்ணே நிறைந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது.

வீட்டில் சாப்பிடும்போது

மூன்று வேளை என்பது உணவு வேளை அல்ல, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டு வேளை என்பது பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடும் தயிரோடும், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடும் சாப்பிட்டால் அது குடலில் கட்டுண்டு உடம்பில் சேராமல் போகும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். மோரும் தயிரும் இல்லாமல் சாப்பாடு முடியாத நம் வீடுகளில் இது அடிக்கடி தவறுகிறது. டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையெனில் உணவுக்குழாய் புண்ணாகும்.

குழந்தைகளுக்கான பொடி மருந்தில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி கோடு வரை நிரப்ப வேண்டும். அமாக்சிசிலின் கிளாவுலனேட் கரைசலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 7 நாளுக்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. பொடியைக் கரைத்த தேதியைப் பாட்டிலின் மேலேயே எழுதிவிடுங்கள். அளவுக்குச் சமையலறைக் கரண்டி ஆகாது. உடன் வரும் அளவு மூடியோ ஊசியில்லாப் பீச்சானோ வேண்டும்.

எத்தனை நாள் என்பதில் பழைய அறிவுரை கொஞ்சம் மாறியிருக்கிறது. நீண்ட நாள் சாப்பிட்டால்தான் எதிர்ப்பு வராது என்று முன்பு சொல்லப்பட்டது. இன்று பல சாதாரண நோய்த்தொற்றுகளுக்கு ஐந்து நாள், ஏழு நாள் போன்ற குறுகிய காலமே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து உடம்பில் தேவைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நாளும் குடல் பாக்டீரியாவுக்குப் பயிற்சி நாள். இதைக் காரணம் காட்டி நாமே இரண்டாம் நாளில் நிறுத்திவிடலாம் என்று பொருளில்லை. மருத்துவர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள். நலமாகிவிட்டது என்று தோன்றினால் அவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். காசநோய் மருந்துக்கு இந்தப் பேச்சே இல்லை. அதை மாதக்கணக்கில் ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

கல்ச்சர் பரிசோதனை: கொடுப்பதும் படிப்பதும்

எல்லையோர வீடுகள் அதிகம் தவறவிடுவது இந்தப் பரிசோதனையைத்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நோய்த்தொற்று உள்ள இடத்திலிருந்து மாதிரி எடுத்து, பாக்டீரியாவை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பதே கல்ச்சர். மாதிரி கொடுக்க வேண்டிய நேரம் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன். இரண்டு மாத்திரை சாப்பிட்ட பிறகு கொடுத்தால், கிருமி இருந்தும் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை வரக்கூடும். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் ஆய்வகத்தில் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.

சிறுநீர் மாதிரி கெட்டுப்போவதே அதிகம். கைகளைக் கழுவி, சிறுநீர் வரும் இடத்தைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தையும் டப்பாவின் உட்புறத்தையும் விரல் தொடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்குள் சேர்க்கலாம். வேலந்தாவளத்தில் பிடித்து, பேருந்தில் கோயம்புத்தூர் வரை மடியில் வைத்துக்கொண்டு போனால், வழியிலேயே பாக்டீரியா பெருகி, இல்லாத நோயை அறிக்கை காட்டும். ஆய்வகத்துக்குப் போய் அங்கேயே பிடித்துக் கொடுப்பது மேல். சளி மாதிரி என்றால் காலையில் வாய் கொப்பளித்த பின் ஆழ இருமி எடுத்ததாக இருக்க வேண்டும், எச்சிலாக இருக்கக் கூடாது.

அறிக்கை வர இரண்டு மூன்று நாளாகும். காத்திருக்க முடியாத நோயில் மருத்துவர் ஊகத்தின் பேரில் ஒரு மருந்தைத் தொடங்கி, அறிக்கை வந்ததும் மாற்றுவார். ஆகவே நாம் நலமாக இருந்தாலும் அறிக்கையை வாங்கி அவரிடம் காட்ட வேண்டும். வாங்கப்படாமல் ஆய்வகத்திலேயே கிடக்கும் அறிக்கையால் யாருக்கும் பயனில்லை.

அறிக்கையில் முதலில் பாக்டீரியாவின் பெயர் இருக்கும்: சிறுநீரில் பெரும்பாலும் ஈ கோலி, சில நேரம் கிளெப்சியெல்லா. ஒரு மில்லி லிட்டரில் எத்தனை என்ற எண்ணும் இருக்கும். 1,00,000-க்கு மேல் என்பது வழக்கமான அளவுகோல். பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருப்பதாக எழுதியிருந்தால் மாதிரி அசுத்தப்பட்டிருக்கலாம், மறுபடி கொடுக்க வேண்டும். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாத ஒருவரின் சிறுநீரில் பாக்டீரியா இருந்தால், கர்ப்பிணி போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. முதியவர்களுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போய்ச் சேரும் வழிகளில் இது ஒன்று.

கீழே மருந்துகளின் பட்டியலும் எதிரே எஸ், ஐ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். எஸ் என்றால் வழக்கமான அளவில் அந்த மருந்துக்குப் பாக்டீரியா அடங்கும். ஆர் என்றால் அடங்காது. ஐ என்பது இடைநிலை, கூடுதல் அளவோ வேறு முடிவோ மருத்துவர் எடுப்பது. சில அறிக்கைகளில் எம்.ஐ.சி. என்ற எண்ணும் இருக்கும். பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மருந்தின் குறைந்தபட்ச அளவு அது. எண் சிறியதாக உள்ள மருந்தே சிறந்தது என்று ஒப்பிட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. எஸ் என்று இருப்பதாலேயே அது எல்லா இடத்துக்கும் ஏற்றது என்றும் இல்லை. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பையில் மட்டுமே போதிய அளவு சேரும். அதே பாக்டீரியா சிறுநீரகத்துக்கோ இரத்தத்துக்கோ ஏறிவிட்டால் அது உதவாது. ஈ.எஸ்.பி.எல். என்ற குறிப்பு இருந்தால், செஃபிக்சிம் குடும்பத்து மருந்துகளை உடைக்கும் நொதியை அந்தப் பாக்டீரியா சுரக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லை முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அம்மாவின் பெயருக்கு எதிரே அது இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு மறுபடி எரிச்சல் வந்தது, காய்ச்சல் இல்லை. இந்த முறை பார்த்த மருத்துவர் நோட்டைப் புரட்டி, ஒட்டியிருந்த பழைய அறிக்கையையும் கிரியாட்டினின் அளவையும் பார்த்துவிட்டு, புதிதாகக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லி, நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாளைக்கு எழுதினார். ஊசி தேவைப்படவில்லை.

தொழுவத்துக்கு நான்கு பக்கங்கள்

மாடும் கோழியும் உள்ள வீட்டில் நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு வரிசை தொடங்க வேண்டும். மடிநோய்க்குக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டாலோ காம்பில் மருந்து ஏற்றினாலோ, மருந்தின் பெயர், தேதி, எந்த மாடு என்பதை எழுதி, எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது என்று கேட்டு அந்த நாளையும் வட்டமிட வேண்டும். மருந்தின் மேலுறையில் நாள் குறிப்பிடாவிட்டால் இந்தியச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி பாலுக்கும் முட்டைக்கும் 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் கொதிநிலையைத் தாங்கிப் பாலில் தங்கும். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாமல் நீர்த்துப்போவது, உறைமோரின் பாக்டீரியாவை மருந்து தடுத்துவிடுவதால்தான். மீனாட்சிபுரத்தில் பால் பரிசோதனைச் சாவடி இருப்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அது வரை காத்திருக்காமல், பால் சங்கத்தில் ஊற்றும் முன் நாமே நிறுத்துவதுதான் நேர்மை.

கோழித் தீவனத்தில் 'வளர்ச்சிக்கு' என்று சொல்லிக் கலக்கும் பொடியில் ஆன்டிபயாடிக் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குத் தருவதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது. பழைய பொட்டலம் தொழுவத்தில் கிடந்தால் பயன்படுத்தாமல் கால்நடை மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.

ஒரு பதிவை முடிப்பது

மருந்துக் காலம் முடிந்ததும் அந்தப் பதிவின் கீழே, எந்த நாளில் காய்ச்சல் விட்டது, என்ன பக்க விளைவு வந்தது, எத்தனை மாத்திரை மிச்சம் என்ற மூன்றையும் எழுதிக் கோடு போடுங்கள். மிச்ச மாத்திரை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ அடுத்த காய்ச்சலுக்கோ அல்ல. அதைக் கழிப்பறையிலோ கிணற்றிலோ ஆழியாற்று வாய்க்காலிலோ போட்டால், தண்ணீரிலுள்ள பாக்டீரியாவுக்கு அது பாடமாகிவிடும். கேரளம் பயன்படுத்தாத மருந்துகளை வீடுகளிலிருந்து திரும்பப் பெறும் திட்டத்தை 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. உங்கள் ஊராட்சியில் அப்படி வசதி வந்திருக்கிறதா என்று ஆஷா பணியாளரிடம் கேளுங்கள். வராத இடத்தில், வாங்கிய மெடிக்கலிலோ சுகாதார நிலையத்திலோ திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டு, கொடுத்த தேதியைப் பதிவின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். நோட்டை ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் இருக்கும் அதே பையில் வையுங்கள். இரவில் எந்தப் பக்கம் போக நேர்ந்தாலும் அந்தப் பையைத்தான் முதலில் எடுப்போம்.